கடைசி வரிசைத் தேநீர்

ஜனவரி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. பிற்பகல் நாலரை மணி. லண்டனில் அதற்குள் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. விமான நிறுவனங்களின் ஆண்டுத் தரப்பட்டியல் ஆறு மணிக்கு மூடப்படும்.

பயணிகள் தரும் நட்சத்திரங்களைச் சரிபார்ப்பது மியூரியல் டேட்டனின் வேலை. இத்தனை ஆண்டுகளில் ஒரு விதியைக்கூட அவள் வளைத்ததில்லை. வளைக்கச் சொன்னவர்களை மறந்ததுமில்லை.

"இதைக் கேளுங்க மியூரியல்," என்றான் எதிர்மேசை கிளைவ். "ஹார்ட்வெல் ஏர், சைப்ரஸ்ல இருந்து பர்மிங்ஹாம். ஒரே விமானம், பதினோரு புகார். முன்னாடியே பணம் கட்டின டீயும் சாண்ட்விச்சும் வரவே இல்லையாம்."

"பணிப்பெண் எங்கே போனாளாம்?"

"ஒருத்தி முன்பக்கத்தோட நின்னுட்டா. இன்னொருத்தி கடைசி வரிசையில ஒரு கிழவர் பக்கத்துல உட்கார்ந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்சுச் சிரிச்சுக் கதை பேசினாளாம். கூப்பிட்டா வாயில விரலை வச்சு அடக்கினாளாம். கிழவருக்கு என்ன யோகம் பாருங்க. எனக்கெல்லாம் தண்ணி கேட்டாலே முறைக்கிறாங்க."

"யோகம் இருக்கட்டும். சேவைக்கு ஒரே நட்சத்திரம் போடு."

ஒன்பதாம் இடத்தில் இருந்த ஹார்ட்வெல் பதினோராம் இடத்துக்குச் சரிந்தது. முதல் பத்திலிருந்து விழும் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் விதி. மியூரியல் சொன்னாள்.

ஹார்ட்வெல் மேலாளர் பிராசர் உடனே தொலைபேசியில் வந்தார். "முதல் பத்துல இல்லைன்னா எங்க டிக்கெட்டை யாரு மேடம் வாங்குவா? ஏதாவது வழி இருக்கா?"

"புகார் மேல நடவடிக்கை எடுத்தா அதுக்குத் தனி மதிப்பெண் உண்டு. ஆறு மணிக்குள்ள தெரிவிக்கணும்."

"என்ன நடவடிக்கை?"

"அதை நான் சொல்லக் கூடாது. பணத்தைத் திருப்பித் தர்றவங்க உண்டு. ஆளை நிறுத்துறவங்களும் உண்டு."

"புரியுது. கடைசி வரிசையில உட்கார்ந்த அந்த எலின் பொண்ணை வச்சுக்கறதா வேண்டாமான்னு இப்பவே முடிவு பண்ணிடறேன்."

சற்று நேரத்தில் மறுபடியும் தொலைபேசி. இம்முறை ஒரு முதிய பெண்குரல்.

"பர்மிங்ஹாம் பக்கத்துல டட்லியில இருந்து ஐவி கட்லர் பேசறேன் கண்ணு. உங்க இணையப் பக்கம் என் நட்சத்திரத்தை வாங்க மாட்டேங்குது. ஹார்ட்வெல் விமானத்துல வந்த எலின் பொண்ணுக்கு அஞ்சு போடணும். மார்க் குறைஞ்சா அவ வேலைக்கே ஆபத்துன்னு ஏர்போர்ட்ல பேசிக்கிட்டாங்க."

"நீங்க அந்த விமானத்துல வந்தீங்களா?"

"நான் வரலை. என் வீட்டுக்காரர் ஆர்தர் வந்தார். கடைசி வரிசை."

மியூரியலின் புருவம் உயர்ந்தது. "அப்ப அவர்தான் போடணும்."

"அவரால முடியாதும்மா..."

"எல்லாரும் சொல்றதுதான். கம்ப்யூட்டர் தெரியாது, கண்ணு தெரியாதும்பாங்க. பயணம் செஞ்சவங்களே போடணும். இல்லைன்னா நிறுவனங்களே ஆளை வச்சுப் போட்டுக்கும்."

"கூட எங்க பேத்தி வந்தா. அவ போடலாமா?"

"வயசு?"

"ஆறு."

"பதினாறு முடிஞ்சிருக்கணும்."



"சரிம்மா. இன்னொண்ணு. அந்தப் பொண்ணு இவருக்கு ஒரு டீ கொடுத்தாளாம், பேத்தி சொன்னா. மூணு பவுண்டுங்கறாங்க. காசு கொடுத்தாரான்னு எனக்குத் தெரியல."

"அதை அவர்கிட்டயே கேளுங்க," என்று மியூரியல் தொலைபேசியை வைத்தாள்.

"கிழவரோட வீட்டம்மாவே சிபாரிசுக்கு வந்துட்டாங்களா?" என்று கிளைவ் சிரித்தான். "பெரிய மனசுதான்."

ஆறு மணி நெருங்கும்போது பிராசர் மீண்டும் அழைத்தார்.

"எழுதிக்கோங்க மேடம். பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒன்பது பவுண்டு திருப்பித் தர்றோம். எலின் பெவன் வேலையில இல்லை. கடிதம் போயாச்சு."

மியூரியல் பதிவு செய்தாள். ஹார்ட்வெல் பத்தாம் இடத்துக்கு ஏறியது.

"அவ தன் பக்கம் ஒண்ணுமே சொல்லலையா?" ஏனோ கேட்டுவிட்டாள்.

"சொல்ல என்ன இருக்கு? எங்களுக்குத் தெரிஞ்சதுதான், விமானி அன்னைக்கே சொல்லிட்டார். டீயைக் குடிச்ச கொஞ்ச நேரத்துல, ஆல்ப்ஸ் மலை மேல வரும்போதே கிழவர் போயிட்டார். பக்கத்துல பேத்தி. தாத்தா கண்ணை மூடிக்கிட்டுக் கதை கேக்கறார்னு குழந்தை நம்பணும்னு, இறங்கற வரைக்கும் இந்தப் பொண்ணு அவர் கையை விடாம சிரிச்சுப் பேசிக்கிட்டே இருந்திருக்கா. அதையெல்லாம் எழுதிடாதீங்க மேடம். சாவு விழுந்த விமானம்னு தெரிஞ்சா எவன் ஏறுவான்?"

பட்டியல் மூடப்பட இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

"கிளைவ், அந்தப் பதினோரு புகாரையும் எடுத்துட முடியுமா?"

"எந்த விதிப்படி? டீ வரலைங்கறது உண்மைதானே?"

உண்மைதான். ஆறு மணிக்குப் பட்டியல் மூடப்பட்டது.

பிப்ரவரி முதல் வாரத்தில் பதினோரு பேருக்கும் ஒன்பது பவுண்டு போய்ச் சேர்ந்தது. அத்தனையும் எலினின் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்பட்டது. 'முதல் பத்து' என்ற முத்திரையை விளம்பரங்களில் போட்டுக்கொள்ள, மியூரியலின் அலுவலகத்துக்கு ஹார்ட்வெல் அந்த மாதமே கட்டணம் செலுத்தியது. மார்ச்சில், தன் கணவர் குடித்த டீக்காக ஐவி கட்லர் ஹார்ட்வெல்லுக்கு மூன்று பவுண்டு அனுப்பியிருந்தார்.

நிறுவனம் அதை வரவு வைத்துக்கொண்டது.