சம்மதக் கிண்ணம்

“சம்பந்தியா? யாருக்கு யாருய்யா சம்பந்தி? பொண்ணு கேட்டு வந்தீங்களா? ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டுப் போயிட்டு, இப்ப ஒரு சாடி ரக்சியோட வந்து பல்லிளிச்சா ஆச்சா?”

லால்ஹாங் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. அவர் பெண்ணுக்குச் சித்தப்பா. பெண்ணின் அப்பா மன்தோஜ் அடுப்போரம் உட்கார்ந்து, நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

பையனின் அம்மா ஹர்க்கமாயா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் திட்டு வாங்கத்தான் வந்திருந்தாள். நேபாள மலைகளில் வாழும் அவர்கள் லிம்பு ஜனத்தில், ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட பையனின் வீட்டார் என்றாவது ஒருநாள் இப்படி வீட்டில் காய்ச்சிய ரக்சிச் சாராயத்தோடு வந்து நின்றே ஆகவேண்டும். பெண்ணின் அப்பா அதை வாங்கிக் குடித்துவிட்டால் பழசெல்லாம் தீர்ந்தது. கிண்ணத்தைத் தள்ளிவிட்டால் பெண் பிறந்த வீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

மருமகள் யாங்மா வயிற்றுப் பிள்ளைக்காரி. “எங்கம்மா கையால ஒரு வாய் சாப்பிடணும் போல இருக்கு அத்த” என்று அவள் சொன்ன அன்றைக்கே ஹர்க்கமாயா கேழ்வரகை வேகவைத்துப் புளிக்கப் போட்டுவிட்டாள். காய்ச்சி இறக்கும்போது அடுப்பை விட்டு நகரவே இல்லை. கையில் சூடு பட்டுக் கொப்புளம்கூட வந்திருந்தது.

அவளுடைய அண்ணன் புத்திமான் சாடியை நடுவில் வைத்து, வாயை அடைத்திருந்த இலையைப் பிரித்தார். அடுப்புப் புகையில் வாசம் ஒன்றும் தெரியவில்லை. பெண் வீட்டார் வாயில் படும் முன் கொண்டு வந்தவர்கள் ருசி பார்க்கக் கூடாது. அதனால் எப்படி வந்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

“இங்க கொடு, முதல்ல நான் பாக்கறேன்” என்று லால்ஹாங் கையை நீட்டினார். “தண்ணியா மட்டும் இருக்கட்டும், நம்மள மதிக்கலன்னு அர்த்தம். சாடிய உன் தலையிலயே கவுத்து அனுப்பிடறேன்.”

“பொண்ணு என்னோடது” என்றார் மன்தோஜ், முதல் முறையாக. “கிண்ணமும் எனக்குத்தான்.”

ஹர்க்கமாயா ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். மன்தோஜ் வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார். அப்படியே நிறுத்திவிட்டார். கிண்ணத்துக்குள் பார்த்தார், பிறகு அவளுடைய கைக் கொப்புளத்தைப் பார்த்தார்.

போச்சு, கீழே வைக்கப் போகிறார் என்று நினைத்தாள்.

“எத்தன தடவ தண்ணி மாத்துனீங்க?” என்று கேட்டார்.

கொதிக்கும் பானையின் தலையில் குளிர்ந்த தண்ணீரோடு ஒரு செம்புச் சட்டி இருக்கும். அதன் அடியில் பட்டு ஆவி ரக்சியாகச் சொட்டும். தண்ணீர் சூடேற ஏற மாற்ற வேண்டும். மாற்ற மாற்ற ரக்சி கூடும், காரம் குறையும்.

“மூணே தடவதாங்க” என்றாள்.

“அதானே பாத்தேன்!” என்று மீதியை ஒரே மூச்சில் குடித்தார். இருமினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “அப்பப்பா, தொண்டையெல்லாம் எரியுது. இன்னொண்ணு ஊத்துங்க சம்பந்தி.”

சம்பந்தி! ஹர்க்கமாயாவுக்குக் கை கால் ஓடவில்லை. புத்திமான்தான் ஊற்றினார். அதையும் குடித்துவிட்டு மன்தோஜ் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எங்க, நானும் ஒரு வாய்...” என்று லால்ஹாங் நகர்ந்து வந்தார்.

“கைய எடுடா!” மன்தோஜ் சாடியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “எம்பொண்ணு வீட்டு ரக்சி. ஒரு சொட்டு எவனுக்கும் கிடையாது. உனக்கு வேணும்னா நம்ம வீட்டுது ஊத்தச் சொல்றேன்.”

“இம்புட்டு அல்பமா நீ? கூடப் பொறந்தவன் கேக்கறேன்!”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மன்தோஜ் சாடியை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “யாங்மாவ நாளைக்கே அனுப்பி வைங்க. அவங்கம்மா தூங்கி ரொம்ப நாளாச்சு” என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் புத்திமான் தங்கை கைப்பக்குவத்தைப் புகழ்ந்து தள்ளினார். அவளுக்கோ கால் வலிகூடத் தெரியவில்லை. தெய்வமே, நல்ல மனசு இருக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய் என்று நினைத்து நினைத்து நெஞ்சு நிறைந்தது.

சேதி கேட்டு யாங்மா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க அத்த. அவ்ளோ தூரம் நடந்திருக்கீங்க. செம்புச் சட்டியில இருந்து மாத்தின தண்ணிய உங்க காலுக்குன்னு அதே மாதிரி இன்னொரு சாடியில புடிச்சு, இலை வச்சு மூடி வச்சிருக்கேன்.”

சாடியைச் சாய்த்துக் காலில் ஊற்றினாள். வெடித்திருந்த குதிகால் சுரீரென்று எரிந்தது. கேழ்வரகு ரக்சியின் வாசம் குப்பென்று வீடு முழுக்கப் பரவியது.

ஹர்க்கமாயா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஈரக் காலோடு எழுந்து வாசலுக்கு வந்து, இரண்டு கிண்ணம் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொண்டை எரிகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த மனிதரின் வீடு இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.