துள்ளுகிற எழுத்து

பெரம்பலூர் டிசைன் கடையில் காலி மாதிரி பாக்கெட்டை மேசைமேல் வைத்தார் சாமிதுரை. போனில் அவர் சொன்ன ‘டமால்’ என்ற பெயரை, மஞ்சளும் சிவப்புமாய்ப் பந்துபோலத் துள்ளவிட்டிருந்தான் பிரேம்.

“எழுத்து ரொம்ப ஆடுது தம்பி. கறுப்புல, தடியா, நேரா நிக்க வை.”

“இழவு நோட்டீஸ் மாதிரி ஆயிடும்ணே! வூட்ல காட்டுனீங்களா?”

“மிட்டாய்த் தட்டுல கலந்து வெச்சுப் பார்த்தேன். எம் பொண்ணு மத்ததையெல்லாம் தள்ளிட்டு இதைத்தான் எடுத்தா. பிடுங்கினா ஒரே அழுகை.”

“பார்த்தீங்களா!” பிரேம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். “இதுக்கு மேல என்னண்ணே வேணும்?”

சாமிதுரை சிரிக்கவில்லை.

“போன்ல பேரை மட்டுந்தானே சொன்னேன்? உள்ள போடப்போற சரக்கு எலி மருந்து, தம்பி.”

பிரேம் துள்ளிய எழுத்துகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினான்.