விண்டோஸே போடுங்க

"விண்டோஸே போடுங்கண்ணே. இலவசமா வர்றது எங்க வீட்டுக்கு வேண்டாம்."

மனைவி சொன்னதைக் கேட்டு அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சோப்பு வாங்கினால்கூட இன்னொன்று இலவசமா என்று கேட்கிறவள், இலவசமே வேண்டாம் என்கிறாள்!

சாப்பாட்டு மேஜை மேல் புதுக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. கடையிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல இன்னும் ஒண்ணுமே ஏத்தலைங்க. ஆப்பரேட்டிங் சிஸ்டம் எதுன்னு நீங்க சொன்னாத்தான் நான் வேலையை ஆரம்பிக்க முடியும். லினக்ஸ்னா காசு கிடையாது. விண்டோஸ்னா லைசென்ஸ் தனியா வாங்கணும். ரெண்டுமே நல்லாத்தான் ஓடும்."

"லினக்ஸே போதும்," என்றான் அவன் அவசரமாக. "பாப்பா பாடம் படிக்கத்தானே? அதுக்கு எது இருந்தா என்ன?"

"ஆமாம்மா, எங்க ஸ்கூல் லேப்லயே லினக்ஸ்தான்," என்றாள் ஒன்பதாவது படிக்கும் மகள், தெர்மாகோலை நகத்தால் பிய்த்தபடி.

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல?"

மகள் மறுபடி தெர்மாகோலைப் பிய்க்க ஆரம்பித்தாள். அவனால் அப்படி இருந்துவிட முடியவில்லை.

அவன் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனியில், வீட்டு பிளான் வரையும் பிரிவையே இழுத்து மூடி நாற்பது நாள் ஆகிவிட்டது. பதினேழு வருடம் அங்கே வரைந்தவன். வீட்டில் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிவிடுவான். சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்புவான். அந்தக் களைப்பு மட்டும் பொய்யில்லை. கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த கொஞ்சப் பணத்தையும் 'இந்த மாசச் சம்பளம்' என்று சொல்லி அவள் கையில் கொடுத்துவிட்டான்.

இனி மிச்சம் இருப்பது, மருந்துக்கடை வேலையில் அவள் சேர்த்துவைத்த பணம் ஒன்றுதான். வேறு வேலை கிடைக்கும்வரை குடும்பம் அதை நம்பித்தான் ஓட வேண்டும். அதைத்தான் அவள் இப்போது இந்தப் பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மெமரி இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா?"

"தாராளமா. எட்டு இருக்கு, பதினாறாக்கிடலாம்."

அவன் குறுக்கே புகுந்தான். "ஏம்மா, பாடம் படிக்க எதுக்கு அவ்வளவு மெமரி? நானெல்லாம் மெமரியே இல்லாம டிகிரி வாங்கலையா?"

கம்ப்யூட்டர்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் இந்த மானிட்டர் சின்னதா இருக்கு. கடையில ஒரு பெரிய மானிட்டர் பார்த்தேனே, அதையே மாத்திக் கொடுத்துடுங்க."

அவன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனான்.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? யாருக்குக் காட்டுறதுக்கு இதெல்லாம்?"

"ஏங்க, வாங்கக் கூடாதா? உங்களுக்கு ஏதாவது கஷ்டம்னா சொல்லுங்க, விட்டுடலாம்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மை அவன் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வேலை போய்விட்டது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் சொன்ன பிறகு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்ததுமே அதை அப்படியே விழுங்கிவிட்டான்.

"கஷ்டமா? எனக்கென்ன கஷ்டம்? மாசம் பொறந்தா சம்பளம் வருது," என்றான்.

"அப்ப சரி," என்று அவள் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அவன் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தபோது, லைசென்ஸுக்குப் பணம் போய்ச் சேர்ந்திருந்தது. திரையில் விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இருபது சதவீதம், முப்பது, நாற்பது. அவனுக்கு அழுகையே வரும்போலிருந்தது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் கம்ப்யூட்டர்காரரிடம் நீட்டினாள்.

"இது முடிஞ்சதும் இந்த சாஃப்ட்வேரையும் ஏத்திடுங்கண்ணே. இது விண்டோஸ்லதான் ஓடுமாம், விசாரிச்சுட்டேன்."

அவர் சீட்டைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "இது வீட்டு பிளான் வரையறவங்க வச்சிருக்கிறதாச்சே! பாப்பாவுக்கு இது எதுக்கும்மா?"

"பாப்பாவுக்குன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அவன் அந்தச் சீட்டை எட்டிப் பார்க்க, அவள் அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க மருந்துக்கடை முதலாளி வீடு கட்டப் போறாரு, பிளான் நீங்கதான் போடுவீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நாளையிலேருந்து லைப்ரரில போய் உட்கார்ந்துட்டு வர வேண்டாங்க, இங்கேயே உட்கார்ந்து வரைங்க."