யார் சொல்லிக் கொடுத்த மூச்சு?

நாற்பத்து நாலில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்ததிலிருந்து இசக்கியம்மாளுக்கு நெஞ்சுப் படபடப்பு. தாராவியில் எங்கே தகரம் விழுந்தாலும் நடுங்குவாள். இந்த ஒரு மாதமாக, படபடப்பு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விடுகிறாள். முகம் தெளிந்துவிடுகிறது.

பெண்டாட்டிக்குக் குணமானதில் சுடலைமுத்துவுக்குச் சந்தோஷமில்லை. எதிர்வீட்டு நம்பிராஜன் தினமும் விடிந்ததும் சட்டையில்லாமல் வாசலில் உட்கார்ந்து மூச்சை அடக்குகிறவன்.

"ஏட்டி, அவந்தான சொல்லிக் குடுத்தான்?"

"அந்த அண்ணாச்சிகிட்ட நான் பேசினதே கெடையாது."

"பின்ன எவன்? தோல் கிட்டங்கியில நான் மூட்ட தூக்கிச் சாவுதேன். இங்க நீ எவன நெனச்சுக் கண்ண மூடுத?"

"வேண்டாம், விடுங்க."

"பேரச் சொல்லு. இல்ல, இன்னைக்கே ரயிலேறி ஊருக்குப் போ."

அவள் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து விட்டாள். பிறகு சொன்னாள்:

"ராத்திரி பயத்துல தூக்கம் வராமக் கெடப்பேன். பக்கத்துல நீங்க தூங்குத மூச்சு கேக்கும். அதுகூடவே நானும் இழுத்து விட்டுப் பாத்தேன், படபடப்பு நின்னுட்டு. முழிச்சிருக்கையில நீங்க அப்படி ஒரு மூச்சு விட்டதே இல்ல."