டிரைவர் சீட்டுக்கு அளவு

“அந்த ஜீப்காரருக்கு நான் சீட் தைக்க மாட்டேன்” என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

பட்டறையில் இன்ஜின் முதல் டயர் வரை அவன் பொறுப்பு. சீட் வேலை முழுக்க அவளுடையது.

“ஏன், என்னவாம் இப்போ?”

“ஒரு வருஷமா ஷெட்டுல கிடந்த ஜீப்புன்னு இழுத்துட்டு வரப் போனோமே, அன்னிக்கு அந்த வீட்டு ஜன்னல்ல யாரைப் பார்த்தோம்?”

“அவர் சம்சாரத்தை. சக்கர நாற்காலியில.”

“விபத்துல இடுப்புக்குக் கீழ உணர்வே போயிடுச்சாம். கட்டினவ முடங்கிக் கிடக்கா, இவரு காடு மலைன்னு ஊர் சுத்தக் கிளம்பிட்டாரு. நல்லா இருக்கு நியாயம்!”

மெக்கானிக் ஜீப்புக்கு அடியில் நுழைந்துகொண்டான். அவனுக்கும் உறுத்தல்தான். ஆனால் இப்படி ஒரு வேலை கிடைப்பது அபூர்வம். மூன்று வாரமாக ரசித்து ரசித்துச் செய்திருந்தான். கனமான ஸ்பிரிங் போட்டு வண்டியை நான்கு விரற்கடை உயர்த்தியாயிற்று. சேற்றில் புதைந்தால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்னால் வின்ச். பாறை இடித்தாலும் தாங்க, அடியில் இரும்புத் தகடு. கூடுதலாக ஒரு டீசல் டேங்க்.

மிச்சம் டிரைவர் சீட்தான். கரடுமுரடான பாதையில் நாள் முழுக்க ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும். அதனால் ஓட்டுபவரின் முதுகை அளவெடுத்துத்தான் அவள் தைப்பாள். அவரோ கூப்பிட்டபோதெல்லாம், “அப்புறம் பார்க்கலாம்மா” என்று நழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் ஒரு வாடகை வேன் வந்து நின்றது. ஜீப்காரர் தன் மனைவியை நாற்காலியோடு மெல்ல இறக்கினார். அந்த அம்மாள் ஜீப்பின் பானட்டைத் தடவிப் பார்த்தார்.

மெக்கானிக்கின் மனைவிக்கு ஆத்திரமாக வந்தது. விட்டுவிட்டுப் போவது போதாதென்று, கூட்டி வந்து காட்ட வேறு வேண்டுமா?

“இன்னிக்கு அளவு எடுத்துடலாம்மா” என்றார் அவர்.

“திரும்புங்க” என்று வெடுக்கெனச் சொல்லி, அவர் முதுகில் டேப்பை வைத்தாள்.

“எனக்கு இல்லம்மா. இவளுக்கு.”

அவள் டேப்போடு நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, இன்னும் ரெண்டு வேலை பாக்கி. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூணையும் கையால இயக்குற மாதிரி மாத்தணும். டிரைவர் கதவுகிட்ட, ஆளைத் தூக்கி உட்கார வைக்க ஒரு லிஃப்ட். கையால ஓட்டப் பழகி, நேத்துதான் இவ புது லைசென்ஸ் வாங்கினா.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்றான் மெக்கானிக்.

“‘இனிமே எனக்கு எதுக்கு வண்டி, வித்துடுங்க’ன்னு அழுதுட்டே இருந்தா. வண்டி உனக்காகத் தயாராகுதுன்னு சொல்லித்தான் பழகவே அனுப்பினேன். லைசென்ஸ் கைக்கு வராம எப்படித் தம்பி வெளியில சொல்றது?”

“அதுக்குள்ள பாதி காட்டுக்கு மேப் வாங்கிட்டார்” என்று அந்த அம்மாள் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

மெக்கானிக்கின் மனைவி மண்டியிட்டு, அந்த அம்மாளின் முதுகை அளந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

“அப்போ நீங்க சார்?”

“எனக்கு சைக்கிள்கூட ஓட்ட வராதும்மா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பக்கத்து சீட்டுதான்.”