தானே அணையும் அடுப்பு

“அடுப்பு முன்னாடி சிலை மாதிரி நின்னாத்தான் எரியுமா? இது சமையலறையா, மியூசியமா?”

மருமகள் பொரிந்து தள்ளினாள். மாமனார் அசரவில்லை. ரேடியோ ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கிடந்த பழைய சாமான்களை வைத்து, தானே செய்து மாட்டிய ஏற்பாடு அது. அடுப்பெதிரே பத்து நிமிடம் ஆள் இல்லையென்றால் ஒரு குட்டி மோட்டார் கேஸை மூடிவிடும். மூடிய தேதியும் நேரமும் சுவரில் தொங்கும் பழைய செல்போனில் ஏறிவிடும்.

“எனக்கு ஞாபக மறதிம்மா. டீ போடறேன்னு ரெண்டு பாத்திரத்தைக் கரியாக்கினேனே, மறந்துட்டியா?”

“உங்க மறதிக்கு எனக்கு எதுக்கு மாமா தண்டனை? அது பாட்டுக்கு அணைஞ்சு தொலையுது. சாயங்காலத்துக்குள்ள கழட்டிடுங்க.”

“சரிம்மா.”

மாமனார் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். அவள் தையல்காரியிடம் ரவிக்கை வாங்கக் கிளம்பினாள்.

ரவிக்கையைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் நினைவு வந்தது. அப்பளம் பொரிக்கச் சிறு தீயில் வைத்த எண்ணெய்!

போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாத்திரை போட்டால் மனிதர் இடி விழுந்தாலும் எழமாட்டார்.

ஆட்டோவில் ஏறினாள். “சீக்கிரம் போப்பா, வீட்ல பெரியவர் தூங்கறாரு!”

“தூங்கறவருக்கு என்னம்மா அவசரம்?” என்றார் ஆட்டோக்காரர்.

கதவைத் திறந்தால் புகை இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. எண்ணெய் தெளிவாக, ஆறிப்போய்க் கிடந்தது. உள்ளேயிருந்து சீரான குறட்டை. மாமனாரின் ஏற்பாட்டைப் போய் இத்தனை நாள் திட்டியிருக்கிறோமே என்று நினைத்தவள், சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூச்சு வந்ததும் சுவரில் தொங்கிய செல்போனைப் பார்த்தாள். இன்றைக்கு 3.20. அதற்குக் கீழே வரிசையாகத் தேதிகள். போன மாதம் மட்டும் ஒன்பது.

சாயங்காலம் மாமனார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர்.

“கழட்டிடவாம்மா?”

“வேண்டாம் மாமா, இருக்கட்டும்.” அவள் குரல் இறங்கியிருந்தது. “போன மாசம் முழுக்க நீங்க உங்க பொண்ணு வீட்டுலல்ல இருந்தீங்க? இந்த ஒன்பதும் நான் மறந்ததுதானே? அப்போ அந்த ரெண்டு பாத்திரத்தைக் கரியாக்கினதும்...?”

“அட, போன மாசம் நான் ஊர்ல இல்லையா?” மாமனார் நெற்றியில் தட்டிக்கொண்டார். “பார்த்தியா என் ஞாபக மறதியை!”