வாய் திறக்காத உதவியாளர்

வீடு பார்க்க வந்த தம்பதிக்குக் கதவைத் திறந்தவர், சட்டையில் ‘உதவியாளர்’ என்று எழுதிய அட்டையைக் குத்தியிருந்தார்.

“சமையலறையில வெயில் வருமா?” என்று கேட்டாள் மனைவி.

“தரகரம்மா வந்து சொல்வாங்க. எனக்குத் தரகர் லைசென்ஸ் இல்லை. வீட்டைப் பத்தி வாயைத் திறந்தா சட்டப்படி தப்பு.”

“ஜன்னல் ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?” என்றான் கணவன்.

உதவியாளரின் உதடு துடித்தது. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

“தரகரம்மா வருவாங்க.”

“அப்ப நீங்க என்னதான் செய்யலாம்?”

“கதவைத் திறக்கலாம். விளக்கைப் போடலாம். வீட்டு விவரம் அச்சடிச்ச இந்தத் தாளைக் கொடுக்கலாம்.”

தரகரம்மா வந்தபோது, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எங்களுக்குப் பிடிச்சிருக்கு. யாரும் தொணதொணக்காம நிம்மதியா பார்த்தோம். வீட்டுக்காரர் எப்ப கையெழுத்துப் போடுவார்?” என்றாள் மனைவி.

“இப்பவே!” என்று தரகரம்மா பேனாவை உதவியாளரிடம் நீட்டினார்.

தம்பதி பேனாவையும் சட்டையிலிருந்த அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“நாலு மாசமா, செங்கலுக்கு ஒரு கதை சொல்லி வந்தவங்களையெல்லாம் ஓட விட்டார். அதான் இன்னிக்கு ஒரு நாள் உதவியாளர் ஆக்கினேன்.”

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு அட்டையைக் கழற்றினார்.

“இனிமே பேசலாமாம்மா?”

“சொந்த வீட்டைப் பத்திப் பேச உங்களுக்கு எதுக்கு சார் லைசென்ஸ்? அந்தச் சட்டம் தரகரோட உதவியாளருக்குத்தான், உங்களுக்கு இல்லை.”

தரகரம்மாவை முறைத்த வீட்டுக்காரர், ஜன்னலோரம் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க தம்பி. இந்த ஜன்னல் ஏன் பெருசுன்னு கேட்டீங்கல்ல?”